கணக்கு மாத்திரை

1511ஆம் ஆண்டு. மக்காவில் எகிப்தை ஆண்ட மம்லூக் அரசின் சார்பில் சந்தையையும் பொது ஒழுக்கத்தையும் கண்காணித்துவந்த காயிர் பேக் என்ற அதிகாரி, ஓர் இரவு பெரிய பள்ளிவாசல் வளாகத்தின் மூலையில் சிலர் கூடி உட்கார்ந்து ஏதோ ஒரு பானத்தைக் கைமாற்றிக் குடிப்பதைப் பார்த்தார். விசாரித்தபோது அது காப்பி என்று தெரிந்தது. ஊரின் சட்ட அறிஞர்களை அழைத்துச் சபை கூட்டினார். சபை நடுவே காப்பிப் பாத்திரம் சாட்சிப் பொருளாக வைக்கப்பட்டது. மருத்துவர்கள் இருவர் அது உடம்புக்கு ஆகாது என்று சொன்னார்கள். காப்பி தடை செய்யப்பட்டது. தெருவில் கொட்டைகளைப் போட்டுக் கொளுத்தினார்கள். ஆனால் கெய்ரோவிலிருந்து வந்த சுல்தானின் ஆணை தடையைத் தளர்த்திவிட்டது. அடுத்த ஆண்டே காயிர் பேக்கின் பதவியும் போயிற்று.

அந்த வழக்கை வெறும் மதப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. 15ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூஃபிகள் இரவெல்லாம் இறைநாமத்தை ஓதுவதற்குத் துணையாகக் காப்பி குடித்தார்கள். தூக்கம் கலைந்தது, மனம் ஒரு முனையில் நின்றது. எதிர்த்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: உள்ளே போய் மனத்தை மாற்றுகிற பொருள் மதுவைப் போன்றதுதானே? ஆதரித்தவர்களும் அதே அளவுகோலைக் கொண்டே பதில் சொன்னார்கள். மது குடித்தவன் தொழுகையை மறக்கிறான், தன்னை மறக்கிறான். காப்பி குடித்தவன் தொழுகைக்கு எழுந்திருக்கிறான், தான் என்ன செய்கிறான் என்பது அவனுக்குத் தெரிகிறது. கடைசியில் வென்றது இந்த வாதம்தான்.

நானூறு ஆண்டு கழித்துத் தமிழ்நாட்டிலும் காப்பி கிட்டத்தட்ட இதே விசாரணையைச் சந்தித்தது. நீராகாரம் குடித்துவந்த வீடுகளுக்குள் அது நுழைந்தபோது குடும்பத்தையும் உடலையும் கெடுக்க வந்த பழக்கமாக எப்படியெல்லாம் ஏசப்பட்டது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூல் சுவையாகச் சொல்கிறது. இன்று அதே வீடுகளில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அம்மாவே காப்பி ஆற்றிக் கொடுக்கிறார்.

இப்போது விசாரணைக் கூண்டில் நிற்பது வேறு பொருள். மெதில்ஃபெனிடேட், ஆம்ஃபெடமின் போன்ற ஊக்க மருந்துகள், கவனம் ஒரு நிலையில் நிற்காத குழந்தைகளுக்கு மருத்துவர் எழுதிக்கொடுப்பவை. நோய் எதுவும் இல்லாத கல்லூரி மாணவர்கள் தேர்வுக் காலத்தில் இவற்றை விழுங்குவது அமெரிக்க வளாகங்களில் பழைய செய்தியாகிவிட்டது. மருத்துவர் எழுதித் தராத மருந்தைப் படிப்புக்காகப் பயன்படுத்துவதும் மோசடிதான் என்று 2011இல் ட்யூக் பல்கலைக்கழகம் தன் விதிகளில் சேர்த்தது. காப்பியடிப்பதோடு ஒரே பட்டியலில் மாத்திரையும் வந்துவிட்டது.

மோசடி என்றால் யாரை ஏமாற்றுவது? சக மாணவரையா, பரீட்சை வைத்தவரையா, தன்னையேவா? இதற்குப் பதில் சொல்ல, அந்த மாத்திரை மூளையில் என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இந்தக் கதை ஒரு தலைவலியில் தொடங்குகிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் மனநலச் சிக்கல் உள்ள குழந்தைகளுக்கான ஓர் இல்லம் இருந்தது. அங்கே மூளையை எக்ஸ்ரே எடுப்பதற்காக முதுகுத்தண்டிலிருந்து நீரை வெளியேற்றிக் காற்றைச் செலுத்துவார்கள். அதன் பிறகு குழந்தைகளுக்குத் தாங்க முடியாத தலைவலி வரும். அதைத் தணிக்கலாம் என்று மருத்துவர் சார்லஸ் பிராட்லி பென்செட்ரின் என்ற ஆம்ஃபெடமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் வகுப்பறையிலிருந்து ஆசிரியர்கள் ஆச்சரியத்தோடு செய்தி அனுப்பினார்கள்: ஒரு நிமிடம் உட்காராத பிள்ளைகள் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். 1937இல் பிராட்லி வெளியிட்ட அறிக்கையில் 30 குழந்தைகள் இடம்பெற்றார்கள். ஏறக்குறைய பாதிப் பேரிடம் படிப்பில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். பிள்ளைகளே அதற்குக் ‘கணக்கு மாத்திரை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மெதில்ஃபெனிடேட் 1944இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தில் பிறந்தது. அதை உருவாக்கிய லியாண்ட்ரோ பானிஸானின் மனைவி, டென்னிஸ் ஆடப் போகும் முன் அதைச் சாப்பிட்டுப் பார்த்தாராம். அவரது செல்லப்பெயர் ரீட்டா. மருந்தின் வணிகப் பெயர் ரிட்டலின் ஆனது இப்படித்தான்.

நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப டோபமைன், நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருள்களைச் சிறு இடைவெளிக்குள் கசியவிடுகின்றன. வேலை முடிந்ததும் அவற்றைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளப் புரத வாயில்கள் உண்டு. மெதில்ஃபெனிடேட் அந்த வாயிலை அடைத்துவிடுகிறது. ஆம்ஃபெடமின் இன்னும் ஒரு படி மேலே போகிறது: அணுவுக்குள் புகுந்து, சேமித்துவைத்த டோபமைனையும் அதே வாயில் வழியாக வெளியே தள்ளுகிறது. இரண்டிலும் விளைவு ஒன்றுதான். இடைவெளியில் டோபமைன் கூடுதல் நேரம், கூடுதல் அளவு நிற்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி, ஒரு தொலைபேசி எண்ணை எழுதி முடிக்கும்வரை மனத்தில் பிடித்துவைக்கிற வேலையைச் செய்கிறது. அந்தப் பகுதிக்கு இந்த இரு வேதிப்பொருள்களும் தேவை. ஆனால் அளவோடுதான் தேவை. குறைந்தால் மனம் சிதறும்; கூடினால் புறணியின் பிடி தளர்ந்து, பதற்றமோ ஒன்றையே சுற்றிச் சுற்றி வரும் பிடிவாதமோ மிஞ்சும்.

பௌத்த நூல்களில் வரும் சோணன் இதை அறிந்தவன். செல்வந்தர் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்து துறவியான அவன், நடைத் தியானம் செய்து செய்து பாதம் வெடித்து ரத்தம் கசியும்வரை முயன்றும் ஒன்றும் கைகூடாமல் சோர்ந்தான். வீணை வாசிக்கத் தெரிந்த அவனிடம் புத்தர் நரம்பைப் பற்றிக் கேட்டார்: மிகவும் முறுக்கினாலும் இசை வராது, தளர்த்திவிட்டாலும் வராது அல்லவா? பௌத்தம் மனத்தின் ஐந்து தடைகளில் சோம்பலையும் சேர்த்தது, அமைதியின்மையையும் சேர்த்தது. மாத்திரை முதல் தடையை விரட்டும் வேகத்தில் இரண்டாவதை உள்ளே அழைத்து வந்துவிடலாம்.

ஆக, நரம்பு ஏற்கெனவே சரியாக முறுக்கேறியிருக்கும் ஆரோக்கியமான மாணவருக்கு மாத்திரையால் என்ன லாபம்? ஆய்வுகள் சொல்வது சற்றுச் சிக்கலானது. 1990களில் பெல்ஜிய ஆய்வாளர்கள் சொற்பட்டியலை மனப்பாடம் செய்யக் கொடுத்து, ஆம்ஃபெடமினும் கொடுத்துப் பார்த்தார்கள். படித்த உடனே கேட்டால் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நாள் கழித்துக் கேட்டபோது மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல் சொற்கள் நினைவிருந்தன. நினைவு பதியும் வேலைக்கு மருந்து கொஞ்சம் கைகொடுக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அந்தப் பதிவு பெருமளவு நடப்பது தூக்கத்தில். பகலில் படித்ததை மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இரவில் திரும்ப ஓட்டிப் பார்த்து நிலைப்படுத்துகிறது. இரவு முழுக்க விழிப்பதற்காக மாத்திரை போடுகிறவர் இந்தப் பக்கம் வாங்கியதை அந்தப் பக்கம் கொடுத்துவிடுகிறார்.

இன்னும் கூர்மையான சோதனை 2023இல் வெளியானது. ஆஸ்திரேலியாவில் 40 பேருக்கு வெவ்வேறு நாட்களில் மெதில்ஃபெனிடேட், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெடமின், விழிப்பூட்டும் மருந்தான மொடாஃபினில், வெற்று மாத்திரை ஆகியவற்றைக் கொடுத்து ஒரு புதிரைத் தந்தார்கள். ஒரு பை, அது தாங்கும் எடைக்கு வரம்பு உண்டு. வெவ்வேறு எடையும் மதிப்பும் கொண்ட பொருள்களில் எவற்றை உள்ளே வைத்தால் மொத்த மதிப்பு அதிகமாகும்? மருந்து சாப்பிட்ட நாளில் அவர்கள் கூடுதல் நேரம் செலவிட்டார்கள், பொருள்களை எடுத்தும் வைத்தும் கூடுதலாக முயன்றார்கள். முயற்சியின் தரமோ இறங்கியிருந்தது. வெற்று மாத்திரை நாளில் சராசரிக்கு மேலே நின்ற சிலர் மருந்து நாளில் சராசரிக்குக் கீழே போனார்கள். உழைப்பு ஏறியது, விடை ஏறவில்லை.

இதற்கான விளக்கம் 2004இல் நோரா வோல்கோவும் சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வில் கிடைக்கிறது. ஆரோக்கியமான 16 பேருக்கு மெதில்ஃபெனிடேட் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். மூளையில் டோபமைன் உயர்ந்தது. கூடவே அந்தக் கணக்கு சுவாரசியமாக இருந்தது என்றும் அவர்கள் சொன்னார்கள். வெறுமனே படங்களைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொன்னபோது அதே மருந்து அப்படி எதையும் செய்யவில்லை. மாத்திரை கணக்கைச் சொல்லிக் கொடுப்பதில்லை. கணக்கின் மேல் ஆசையை உண்டாக்குகிறது. எது முக்கியம், எது நேரம் செலவிடத் தகுந்தது என்று மூளை போட்டுவைத்திருக்கும் மதிப்பெண்ணை அது திருத்துகிறது.

மோசடி பற்றிய கேள்வி இங்கே வேறு வடிவம் எடுக்கிறது. விடைத்தாளில் உள்ள அறிவு அந்த மாணவருடையதுதான். மாத்திரைக்குள் சூத்திரமும் இல்லை, சரித்திரத் தேதியும் இல்லை. அவருடையதா என்று சந்தேகிக்க வேண்டியது அந்த விருப்பத்தைத்தான். விருப்பத்தைப் பயிற்றுவதையே தம் முழுநேர வேலையாக வைத்துக்கொண்டவர்கள் துறவிகள். ஆகவே அவர்களைக் கேட்பது பொருத்தம்.

4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த கிறித்தவத் துறவி எவாக்ரியஸ், நண்பகலில் வரும் ஒரு பேயைப் பற்றி எழுதிவைத்தார். அது பிடித்ததும் சூரியன் நகராமல் நின்றுவிட்டதுபோலத் தோன்றும். துறவி ஜன்னலைப் பார்ப்பார்; வெளியே வந்து, சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று வானத்தை அளப்பார்; இந்த இடமும் பிடிக்காது, செய்கிற வேலையும் பிடிக்காது. தேர்வுக்கு முந்தைய நாள் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கைபேசியை நான்காவது முறை எடுக்கும் மாணவருக்கு இந்தப் பேய் நன்கு பழக்கம். எவாக்ரியஸ் சொன்ன மருந்து, அறையை விட்டு எழுந்து ஓடாமல் இருப்பது. சலிப்பை எதிர்த்து உட்கார்ந்திருப்பதே அவருக்குப் பாதி ஆன்மிகப் பயிற்சி.

1942இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெயில் பள்ளிப் படிப்பையும் வழிபாட்டையும் இணைத்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் கருத்துப்படி வழிபாடு என்பது கவனம்தான். ஒரு வடிவியல் கணக்கோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி விடை கிடைக்காமல் போனாலும் அந்த நேரம் வீணல்ல. கவனிக்கும் திறன் வளர்ந்திருக்கிறது, அது வேறொரு நாள் வேறொரு மனிதரின் துன்பத்தைக் கவனிக்க உதவும். இந்தக் கணக்கில் மாத்திரைக்கு இடமே இல்லை. படிப்பின் பலன் மதிப்பெண் என்றால் மாத்திரை குறுக்குவழி. பலன் கவனிக்கப் பழகுவதுதான் என்றால், மாத்திரை அந்தப் பலனையே தட்டிவிடுகிறது.

இந்திய மரபு இவ்வளவு கறாராக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பதஞ்சலியின் யோக சூத்திரம் நான்காம் பாதத்தின் தொடக்கத்தில் சித்திகள் கிடைக்கும் வழிகளை ஐந்தாக வகுக்கிறது: பிறப்பு, மூலிகை, மந்திரம், தவம், சமாதி. மூலிகையை அவர் ஒதுக்கவில்லை. வேதச் சடங்கின் சோமம் எந்தச் செடி என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் அதன் சகோதரச் சடங்கில் சரதுஷ்டிர சமயக் குருமார்கள் இன்றும் உரலில் இட்டு இடிப்பது எஃபெட்ரா என்ற செடியின் குச்சிகளை. மாதுளங் குச்சியும் நீரும் அதோடு சேர்கின்றன. எஃபெட்ரா இனச் செடியிலிருந்து ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி 1885இல் எஃபெட்ரினைப் பிரித்தெடுத்தார். 1893இல் அதிலிருந்து மெத்ஆம்ஃபெடமினை உண்டாக்கினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைகளுக்குப் பெர்விடின் என்ற பெயரிலும் ஜப்பானியருக்கு ஃபிலோபான் என்ற பெயரிலும் தூக்கத்தை விரட்டியது அதுதான். போர் முடிந்தபின் ஜப்பானில் அது ஊரெங்கும் பரவியதால் 1951இல் அங்கே தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

மூலிகையை ஏற்றுக்கொண்ட பதஞ்சலி சில சூத்திரங்கள் தள்ளி ஒரு நிபந்தனை வைக்கிறார்: ஐந்து வழிகளில் தியானத்தில் பிறந்த மனம் மட்டுமே பின்னால் வாசனையை, அதாவது மனத்தில் தங்கும் எச்சத்தை, விட்டுவைக்காது. மற்ற வழிகளில் சக்தி கிடைக்கும், கூடவே படிவும் சேரும்.

அந்தப் படிவை இப்போது கருவி வைத்துப் படமெடுக்கிறார்கள். டோபமைன் ஆசையை மட்டும் கூட்டுவதில்லை. எதனால் அந்த ஆசை தீர்ந்தது என்பதையும் மூளைக்குக் கற்றுக்கொடுக்கிறது. அளவு மீறி, வேகமாக ரத்தத்தில் ஏற்றப்படும்போது மருந்தே மிகப் பெரிய பாடமாகப் பதிந்துவிடுகிறது. 1999இல் பிலடெல்ஃபியா ஆய்வாளர்கள், கொகெயின் பழக்கத்தை விட முயன்றவர்களுக்குக் கொகெயின் தொடர்பான காட்சிகளை வீடியோவில் காட்டினார்கள். மருந்து உள்ளே போகவில்லை, பார்த்தது மட்டும்தான். உணர்ச்சி நினைவோடு தொடர்புள்ள அமிக்டலா பகுதியில் ரத்த ஓட்டம் கூடியது, வேட்கை எழுந்தது. அடிமைத்தனம் என்பது மறதியின்மை. மறுபக்கம், 2004இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வில் நீண்டகாலம் மெத்ஆம்ஃபெடமின் பயன்படுத்தியவர்களின் ஹிப்போகாம்பஸ் மற்றவர்களுடையதைவிட 7.8 சதவீதம் சிறியதாக இருந்தது. சொற்களை நினைவுகூரும் தேர்விலும் அவர்கள் பின்தங்கினார்கள். மற்றதை எல்லாம் மறந்து ஒன்றை மட்டும் மறக்க முடியாத நிலைக்கு மூளை வந்துவிடுகிறது. ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தவர்களிடம் டோபமைன் வாயில்கள் பெருமளவு மீண்டன என்பது ஆறுதலான செய்தி. திறன்கள் அதே அளவுக்கு மீளவில்லை.

மருத்துவர் அளந்து கொடுக்கும் மாத்திரையையும் இந்தப் படுகுழியையும் ஒன்றாகப் பேசுவது நியாயமில்லை. ஏடிஎச்டி என்னும் கவனக்குறைபாடு கண்டறியப்பட்ட குழந்தைக்கு எவாக்ரியஸின் உபதேசம் எட்டாது. உட்கார்ந்திருக்கப் பழகுவதற்கே முதலில் சற்று நேரம் உட்கார முடிய வேண்டுமே. அந்தக் குழந்தைக்கு மாத்திரை பயிற்சியைத் தொடங்கும் வாய்ப்பைத் தருகிறது. அதைச் சோம்பேறித்தனத்துக்கு மருந்து என்று ஏளனம் செய்யும் உறவினர்களும் ஆசிரியர்களும் பிராட்லியின் வகுப்பறையை நினைத்துப் பார்க்கலாம்.

நோயில்லாதவரும் மாத்திரை சாப்பிடலாம் என்னும் எதிர்த்தரப்பின் வலுவான சாட்சி ஹங்கேரியக் கணித மேதை பால் எர்டிஷ். தாய் இறந்த 1971க்குப் பிறகு அவர் நாள்தோறும் ஆம்ஃபெடமின் சாப்பிட்டார்; நாளுக்குப் பத்தொன்பது மணி நேரம் கணிதம் செய்தார். கவலைப்பட்ட நண்பர் ரொனால்ட் கிரஹாம், ஒரு மாதம் மருந்தை நிறுத்த முடியாது என்று 1979இல் 500 டாலர் பந்தயம் கட்டினார். எர்டிஷ் நிறுத்திக் காட்டினார், பணத்தையும் வாங்கிக்கொண்டார். அந்த மாதம் ஒரு வேலையும் நடக்கவில்லை, வெற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கணிதம் ஒரு மாதம் பின்தங்கிவிட்டது என்று குறைப்பட்டு மறுபடி மருந்துக்குத் திரும்பினார். 83 வயதுவரை உழைத்தார். அவர் நிறுவிய தேற்றங்கள் மருந்தினால் பொய்யாகிவிடவில்லை. நிரூபணம் சரியா என்று பார்ப்பவர் அதை எழுதியவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்பதில்லை. ஆனால் எர்டிஷின் ஆசை மாத்திரையிலிருந்து வரவில்லை. மருந்தைத் தொடும் முன்பே நாற்பது ஆண்டு கணிதம் அவருக்குள் ஊறியிருந்தது. அந்த வெற்றுத் தாள் மாதமும் இரண்டு விதமாகப் படிக்கத்தக்கது: மருந்து இருந்தால்தான் வேலை ஓடும் என்பதற்குச் சான்றாகவும், மருந்துக்குப் பழகிய மூளை அது இல்லாமல் ஓட மறுக்கிறது என்பதற்குச் சான்றாகவும்.

மக்காவின் சட்ட அறிஞர்கள் கையாண்ட அளவுகோல் இங்கேதான் பயன்படுகிறது. உள்ளே போன பொருள், தன்னைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அறிவைக் கெடுக்காமல் விடுகிறதா? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013இல் இதற்குப் பதில் வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 46 பேருக்கு ஒரு நாள் ஆம்ஃபெடமின் உப்புக் கலவையும் இன்னொரு நாள் வெற்று மாத்திரையும் கொடுத்து நினைவு, கவனம், படைப்பாற்றல் என்று பல தேர்வுகள் வைத்தார்கள். பெரும்பாலானவற்றில் வித்தியாசமே இல்லை. ஆனால் மருந்து சாப்பிட்ட நாளில் தாங்கள் மேலும் நன்றாகச் செய்ததாக அவர்கள் நம்பினார்கள். காப்பி தேறிய தேர்வில் இந்த மாத்திரை தோற்கிறது. கை வேகமாக எழுதுகிறது, மனம் பரவசப்படுகிறது. எழுதியது நன்றாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர் நிதானத்தில் இல்லை. ட்யூக் பல்கலைக்கழகம் மோசடி என்றது சரிதான். அதில் முதலில் ஏமாறுவது மாத்திரையை விழுங்கியவர்.

தூக்கத்தோடு போராடிய தம் சீடர் மொக்கல்லானருக்குப் புத்தர் படிப்படியாகச் சொன்ன வழிகளைப் பாலி நூல் வரிசைப்படுத்துகிறது: படித்ததை நினைத்துப் பார், உரக்க ஓது, காதுமடலை இழுத்துவிடு, கண்ணை நீரால் கழுவி வானத்தைப் பார், எழுந்து நட. எதுவும் பலிக்காவிட்டால், எழ வேண்டிய நேரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வலப்பக்கம் சாய்ந்து படுத்துவிடு. கடைசி ஆலோசனையில் இன்றைய நினைவாற்றல் ஆய்வுக்கும் முழுச் சம்மதம்.

தேர்வு நெருங்கும் வீடுகளில் பெற்றோர் இரண்டு வேறு நிலைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வருடக்கணக்காக, வீட்டிலும் பள்ளியிலும் ஒருபோலக் கவனம் நிற்காத பிள்ளை என்றால் வெட்கப்படாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் மருந்து எழுதினால் தயங்காமல் கொடுங்கள். பாடம் மிச்சமிருக்கிறது, இரவு போதவில்லை என்பது மட்டுமே சிக்கலானால், யாரோ ஒரு சீனியர் நீட்டும் மாத்திரையைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தியாவில் மெதில்ஃபெனிடேட்டும் ஆம்ஃபெடமினும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் மனமயக்கிப் பட்டியலில் இருப்பவை. மருந்துச் சீட்டு இல்லாமல் கைமாற்றுவது குற்றம். சொல்லிவிட்டு, விளக்கை அணைத்துப் பிள்ளையைத் தூங்கவிடுங்கள்.